பிராய்லர் தீவனத்தில் மூலிகை: மூட்டைக்கு 250 கிராம் மஞ்சளில் தொடங்குங்கள்

சோழவரம் பக்கம் 500 கோழி ஷெட்டில் மூன்றாவது பேட்ச் ஓடிக்கொண்டிருந்தபோது, ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வரப்பில் பறித்த கீழாநெல்லியை இரண்டு நாள் திண்ணையில் காய வைத்து, அரைத்து, பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி மூடி வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் பொடி கட்டி கட்டியாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் நனைந்த சாக்கின் வாடை. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்று கட்டியைக் கையால் உடைத்துத் தீவனத்தில் கலந்துவிட்டேன். மறுநாள் கோழிகள் தீவனத்தை அலகால் தள்ளிக் கீழே சிந்தின. அடுத்த நாள் எச்சம் தண்ணீராகப் போனது. கால்நடை மருத்துவர் வந்து டிரம்மை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "பூசணம். மொத்தத்தையும் குழிதோண்டிப் புதைச்சிடுங்க" என்றார். கலந்து வைத்திருந்த நான்கு மூட்டைத் தீவனமும் குழிக்குள் போனது.

மாதவரம், புழல், செங்குன்றம், மீஞ்சூர் பக்கங்களில் புதிதாக பிராய்லர் வளர்க்க வருபவர்களில் பலர் மூலிகையைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் மூலிகையும் தீவனத்தில் சேரும் ஒரு பொருள்தான். அதற்கும் தரம் உண்டு, அளவு உண்டு, ஈரம் உண்டு, விலை உண்டு. அதனால் நான் எழுதப்போவதில் பாதி தராசையும் நோட்டையும் பற்றித்தான் இருக்கும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

கோழித் தீவனத்தில் மிகக் குறைந்த அளவில் ஆன்டிபயாடிக் கலந்தால் எடை கூடும் என்பதை உலகம் முழுக்கப் பல ஆண்டுகள் வழக்கமாக வைத்திருந்தார்கள். அப்படிச் செய்வதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன என்று தெரிந்தபின், வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் மஞ்சள், பூண்டு, ஓமம், சீரகம், துளசி என்று நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிச் சரக்கெல்லாம் இன்று கால்நடை ஆராய்ச்சிக்குள் வந்திருக்கின்றன.

இவை குடலில் கெட்ட கிருமியைக் கொஞ்சம் அடக்கும், செரிமான நீரைச் சுரக்க வைக்கும், ஈரலுக்குத் துணை நிற்கும், வெயிலால் உடம்பில் உண்டாகும் சேதத்தைத் தணிக்கும். அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மாற்று மூலிகையில் கிடையாது. சோயாப் புண்ணாக்குக்கும் மக்காச்சோளத்துக்கும்கூடக் கிடையாது. முருங்கை இலையில் புரதம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு மூட்டைக்கு ஐந்து, ஆறு கிலோ கலந்தவர்களை எனக்குத் தெரியும். அதிலுள்ள நார் பிராய்லருக்கு ஒத்துக்கொள்ளாது, எடைதான் குறையும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு எல்லாத் தெருவிலும் உண்டு. அது உண்மையில்லை. 35, 38 நாளில் இரண்டு கிலோ வருவது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனத்தாலும் கணக்காகச் சேர்த்த தீவனத்தாலும்தான். அவ்வளவு வேகமாக வளரும் பறவைக்கு ஒரு நாள் தீனி குறைந்தாலும் எடையில் தெரிந்துவிடும். மூலிகை விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஷெட் சரியாக இருக்கிறதா?

மூலிகை வாங்கப் போகும் முன் கீழே சொல்பவை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மூலிகைக்குச் செலவு செய்வதில் பயனில்லை.

ஒரு பறவைக்கு ஒரு சதுர அடி இடம். செங்குன்றம் அரிசி ஆலைகளில் கிடைக்கும் காய்ந்த உமி இரண்டு, மூன்று அங்குலத்துக்கு. முதல் வாரம், குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடருக்குள் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டு வர வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடினால் சுடுகிறது, பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

தண்ணீரை இந்தப் பக்கம் கட்டாயம் பார்க்க வேண்டும். மீஞ்சூரைச் சுற்றி நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கோழியின் எச்சம் இளகும், உமி நனையும், அம்மோனியா வாடை கண்ணை எரிக்கும். அப்புறம் "கழிச்சலுக்கு என்ன மூலிகை" என்று கேட்டுக்கொண்டிருப்போம். முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

தடுப்பூசி வழக்கம் இதுதான்: ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் ராணிக்கெட் என்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு, 14-ஆம் நாளை ஒட்டி, நோய் எதிர்ப்பு சக்தியைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்கு, மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மறுபடி ராணிக்கெட். உங்கள் பகுதி மருத்துவர் நாளை மாற்றிச் சொன்னால் அவர் சொல்படி செய்யுங்கள்.

நீங்கள் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வளர்ப்பவர் என்றால், குஞ்சும் தீவனமும் அவர்களுடையது. சூப்பர்வைசரிடம் கேட்காமல் ஒரு சிட்டிகைகூடக் கலக்காதீர்கள். எடை குறைந்தால் பழி உங்கள்மேல் விழும். மாநகராட்சி எல்லைக்குள் ஷெட் போடும் எண்ணம் இருந்தால் அனுமதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வீடுகள் நெருங்கிய தெருவில் 500 கோழி நடைமுறைக்கு ஒத்துவராது.

எதை எடுப்பது

புதியவர்கள் ஒரே சமயத்தில் பத்து மூலிகை கலப்பதைப் பார்க்கிறேன். எடை கூடினால் எதனால் கூடியது, குறைந்தால் எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாமல் போகும். ஒரு பேட்சுக்கு ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது மஞ்சள். பிராய்லரில் அதிகம் ஆராயப்பட்ட மூலிகைகளில் இதுவும் ஒன்று. கிலோ தீவனத்துக்கு 5 கிராம், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 250 கிராம் என்பது ஆய்வுகளில் பரவலாகப் பயன்பட்ட அளவு. பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுப்பதை மஞ்சள் ஓரளவு தடுக்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள். அதற்காகப் பூசணத் தீவனத்தை மஞ்சள் போட்டுக் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. மஞ்சளுக்குக் குணம் தரும் குர்குமின் என்ற பொருள் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது, மிளகு சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். மூட்டைக்கு 25 கிராம் மிளகுப் பொடி போதும். காரத்துக்குக் கோழி முகம் சுளிக்குமோ என்று சிலர் தயங்குவார்கள். மிளகாயின் காரமே பறவைகளுக்கு உறைக்காது. கிளி பச்சை மிளகாயை ரசித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்களே.

இரண்டாவது பூண்டு. நசுக்கினால்தான் அதில் கிருமியை அடக்கும் அல்லிசின் உண்டாகும். முழுப் பல்லைப் போடுவதும் கொதிக்க வைப்பதும் வீண். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பயன்படுத்துங்கள். காய்ந்த பொடியாகச் சேர்த்தால் மூட்டைக்கு 250 கிராம்.

மூன்றாவது கீழாநெல்லி, மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிமார்கள் கொடுத்த அதே செடி. ஈரலுக்குத் துணையாக, மூட்டைக்கு 100 கிராமில் தொடங்குகிறேன். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்கும், தண்டு பச்சையாக இருக்கும். தண்டு சிவந்திருந்தால் அது வேறு வகை.

வேப்பிலையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. கசப்பு கொஞ்சம் கூடினாலும் கோழி தீனி எடுப்பது குறையும். பக்கத்து ஷெட் அக்கா ஒரு தடவை இரண்டு கைப்பிடிக்கு நான்கு கைப்பிடியாக அள்ளிப் போட்டுவிட்டு, "கோழி தீனி எடுக்கவே இல்லைண்ணா, ஒவ்வொண்ணா வந்து பாத்துட்டுத் திரும்பிப் போவுது" என்று ஓடிவந்தார். அளந்திருந்தால் அது நடந்திருக்காது. வேப்பம் புண்ணாக்கைத் தீவனத்தில் சேர்க்கவே வேண்டாம், அது வளர்ச்சியைக் கெடுக்கும்.

எங்கே வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, பூங்கா நகரில் கந்தகோட்டத்தை ஒட்டிய ராசப்ப செட்டி தெரு. நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கும். பாரிமுனைப் பக்கம் போகும் எந்தப் பேருந்து கிடைத்தாலும் ஏறி இறங்கி நடந்துவிடலாம். பொடியாக வாங்காதீர்கள். விரலி மஞ்சளை முழுசாக வாங்குங்கள். கையில் ஒன்றை எடுத்து ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும், உள்ளே ஆரஞ்சு கலந்த நிறம் தெரிய வேண்டும். வளைந்து நார் நாராகப் பிரிந்தால் ஈரம் போகவில்லை. துளை இருந்தால் வண்டு விழுந்தது. மேல்தோல் பளபளவென்று ஒரே மஞ்சளாக இருந்து கையில் ஒட்டிக்கொண்டால் வேண்டாம். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் பூசும் கலப்படம் உண்டு.

பொடிதான் கிடைக்கிறது என்றால், கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல பொடி அடியில் தங்கும், மேலே தண்ணீர் இளமஞ்சளாக நிற்கும். தண்ணீர் முழுவதும் அடர் மஞ்சளாக மாறினால் சாயம் கலந்திருக்கிறது.

கஸ்தூரி மஞ்சள் தீவனத்துக்கு இல்லை, அது முகத்துக்குப் பூசுவது. கருஞ்சீரகம் கேட்டால் காட்டுச் சீரகத்தைக் கொடுத்துவிடுவது உண்டு, இரண்டும் வேறு வேறு செடி. "கோழிக்கா சார், இதையே போடுங்க, விலை கம்மி" என்று கடையில் வேறு எதையாவது காட்டினால், பெயர் தெரியாத சரக்கை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

காய வைப்பதும் அரைப்பதும்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடலை ஒட்டிய ஊர் நம்முடையது. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த உப்பே கசியும்போது, இலைப் பொடி சும்மா இருக்குமா?

பச்சை இலைகளைக் கழுவி, தண்ணீர் வடிய விட்டு, நிழலில் வலை விரித்து மெல்லிய பரப்பாகக் காய வையுங்கள். குவியலாகப் போட்டால் நடுவில் புழுங்கிக் கறுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை புரட்ட வேண்டும். எத்தனை நாள் என்று கணக்கு வைக்காமல் கையை நம்புங்கள். இலையைக் கசக்கினால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டும், தண்டை மடக்கினால் ஒடிய வேண்டும். இலை காய்ந்து தண்டு வளைந்தால் இன்னும் ஒரு நாள் தேவை. ஐப்பசி முதல் மார்கழி வரை நான் இப்போது இலைகளைப் பறிப்பதே இல்லை. வேண்டியதைப் பங்குனி, சித்திரையிலேயே காய வைத்து எடுத்துக்கொள்கிறேன்.

அரைக்க மாவு மில் போதும். ஆனால் மிளகாய் அரைத்த கையோடு அரைக்காமல், கொஞ்சம் பழைய அரிசி போட்டு ஓட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. சூடான பொடி வியர்த்து, மூடியின் உள்பக்கம் நீர் கோத்து, மேல் அடுக்கில் பூசணம் வரும். அகலத் தட்டில் ஆற விட்டு, சல்லடையில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் நிறமும் குணமும் இழக்கும். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் பொடியை அரைத்து வைக்க வேண்டாம். டப்பாமேல் பெயரும் அரைத்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். கட்டி தட்டினால், வாடை மாறினால், வெள்ளையாகவோ பச்சையாகவோ புள்ளி தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் குப்பைக்குப் போகட்டும்.

மூட்டையில் கலப்பது

250 கிராமை 50 கிலோவில் சமமாகப் பரப்புவது சுலபம்போலத் தோன்றும். நேரடியாகக் கொட்டி மண்வெட்டியால் இரண்டு புரட்டு புரட்டினால், ஒரு தொட்டியில் மஞ்சளே இருக்காது, இன்னொன்றில் அள்ளக் கைமுழுக்க மஞ்சளாகும்.

தராசில் பொடியை நிறுத்து எடுத்து, முதலில் ஒரு கிலோ தீவனத்தோடு பேசினில் நன்றாகக் கலக்குங்கள். அந்தக் கலவையை ஐந்து கிலோவோடு கலக்குங்கள். அதன்பின் சுத்தமான தார்ப்பாயில் மூட்டையைக் கொட்டி, மேலே தூவி, ஓரத்திலிருந்து நடுவுக்குக் குவித்து, இடம் மாற்றி மறுபடி குவிக்க வேண்டும். சிமெண்ட் கலவை போடும் கொத்தனார் செய்வதுபோல் மூன்று தடவை. ஐந்து இடத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள், நிறம் ஒன்றுபோல் இருந்தால் சரி.

மாவுத் தீவனத்துக்கு இது போதும். குருணையும் குச்சித் தீவனமும் வாங்குபவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பொடி வழுவழுப்பான குச்சியில் ஒட்டாமல் தொட்டியின் அடியில் தங்கிவிடும். மூட்டைக்கு 100 மில்லி கடலை எண்ணெயையோ தவிட்டெண்ணெயையோ முதலில் தெளித்துப் புரட்டி, அதன்மேல் பொடியைத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பட்ட தீவனம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு நாளுக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

தண்ணீரில் கொடுப்பது

பூண்டையும் துளசியையும் தண்ணீரில் கொடுக்கலாம். 100 பறவைக்கு 50 கிராம் பூண்டு நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, காலைக் குடிநீரில் சேர்ப்பது என் வழக்கம். கையால் ஊற்றும் குவளைகளில் மட்டும் கொடுங்கள். அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் குழாயில் விட்டால் கசடு அடைத்துக்கொள்ளும். எந்த நிப்பிள் அடைத்தது என்று தெரியும் முன்பே அதன் கீழ் இருக்கும் பறவைகள் தாகத்தில் வாடிவிடும். நான்கு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவுக்குத்தான் கலக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டி, குவளையைத் தேய்த்துக் கழுவி, சாதாத் தண்ணீர் வையுங்கள்.

குடிநீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளுக்கு முந்தைய நாளும், அன்றும், மறுநாளும் மூலிகைத் தண்ணீர் கூடாது. குளோரின் கலந்த தண்ணீரும் கூடாது. உயிருள்ள வைரஸ்தான் அந்தத் தடுப்பூசி. கிருமியை அடக்கும் எதுவும் அதையும் அடக்கிவிடலாம்.

நாள் கணக்கு

முதல் ஏழு நாளுக்கு எந்த மூலிகையும் தீவனத்தில் வேண்டாம். குஞ்சு இறங்கியதும் முதல் சில மணி நேரம் வெல்லத் தண்ணீர், அப்புறம் சுத்தமான தண்ணீரும் குருணையும் போதும். அந்த வாரம் அது தீனி எடுக்கப் பழகுகிறது. வாசனையையும் நிறத்தையும் மாற்றிக் குழப்ப வேண்டாம்.

எட்டாம் நாளில் பாதி அளவு, மூட்டைக்கு 125 கிராம் மஞ்சள். இரண்டு நாள் தீனி எடுப்பதைக் கவனியுங்கள். குறையவில்லை என்றால் பத்தாம் நாளிலிருந்து முழு அளவு. அதை விற்கும் நாள்வரை ஓட்டலாம். பூண்டுத் தண்ணீரைக் கொடுப்பதென்றால் வாரத்துக்கு இரண்டு நாள் போதும், கடைசி ஐந்து நாள் நிறுத்திவிடுவேன். கறியில் வாடை ஏறக்கூடாது என்ற எச்சரிக்கைதான்.

கத்திரி வெயில் வரும்போது மட்டும் கணக்கை மாற்றுங்கள். கோழி தனக்குத் தேவையான வைட்டமின் சி-யைத் தானே உடம்பில் செய்துகொள்ளும். கடும் வெயிலில் அந்த உற்பத்தி போதாமல் போகும். அப்போது காய்ந்த பெருநெல்லிப் பொடி மூட்டைக்கு 250 கிராம் சேர்க்கலாம். தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தபிறகும் கொடுத்து, உச்சிப்பொழுதில் தொட்டியைத் தூக்கிவிடுங்கள். கூரைமேல் ஈரச் சாக்கும் குளிர்ந்த தண்ணீரும் நெல்லியைவிட முக்கியம்.

நோய் தெரிந்தால்

எச்சத்தில் ரத்தம், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்து திருகுவது, கொர் கொர்ரென்று மூச்சு, ஒரே நாளில் நான்கைந்து சாவு என்று எதைப் பார்த்தாலும் மூலிகையைத் தேடி ஓடாதீர்கள். பிராய்லரில் ஒரு நாள் தாமதம் பெரிய தாமதம். இறந்த பறவையைப் பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுக் கட்டி, கெடுமுன் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். நம் பக்கத்துக்கு அது கைக்கெட்டும் தூரம். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரம் பால்பண்ணையில்தான் இருக்கிறது, 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. முன்கூட்டியே போன் செய்து, எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கோழி வளர்ப்புப் பயிற்சியைப் பற்றியும் மாதவரத்திலேயே விசாரிக்கலாம். புதியவர்கள் அதற்குப் போய்விட்டு வந்து ஷெட் போடுவது நல்லது.

மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அவர் சொன்ன அத்தனை நாளும் கொடுங்கள். அதை நிறுத்தி எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். மருந்து ஓடும்போது மூலிகையை நிறுத்தி வைப்பேன்.

விற்கும்போது வியாசர்பாடி, கொடுங்கையூர்க் கடைக்காரர்கள் "மூலிகைக் கோழின்னு போர்டு வைக்கலாமா" என்று ஆசையாகக் கேட்பார்கள். தீவன மூட்டையின் சீட்டை முழுதும் படியுங்கள். ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்தெல்லாம் அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கக்கூடும். "தீவனத்தில் மஞ்சள் சேர்த்து வளர்த்தது" என்று நடந்ததை மட்டும் சொல்லச் சொல்கிறேன். மருந்தில்லாதது, நோய் தீர்ப்பது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. குழந்தைக்கு வாங்கிப் போகிறவர்கள் அந்தப் போர்டை நம்பித்தான் வாங்குவார்கள்.

எடை போட்டுப் பார்ப்பது

மஞ்சள் வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? ஷெட்டை வலை போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒரே நாள் வந்த குஞ்சு, ஒரே கம்பெனித் தீவனம், இந்தப் பக்கம் 250, அந்தப் பக்கம் 250. ஒரு பக்கத்துக்கு மட்டும் மஞ்சள். ஒவ்வொரு பக்கத்துக்கும் போட்ட தீவனத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் தீவனம் போடும் முன், பக்கத்துக்கு 25 பறவை பிடித்து எடை போடுங்கள். காலைச் சுற்றி வரும் தைரியசாலிகளை மட்டும் பிடித்தால் கணக்கு தப்பும். மூலையில் பலகையால் மடக்கி, மடங்கியதில் கைக்கு வந்ததை எடுங்கள்.

கடைசியில் பார்க்க வேண்டியது எஃப்சிஆர் என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் தீவன மாற்று விகிதம். ஒரு பக்கம் 800 கிலோ தீவனம் தின்று 500 கிலோ உயிர் எடை வந்தால் 800-ஐ 500-ஆல் வகுத்து 1.6. குறையக் குறைய லாபம்.

செலவையும் இதிலேயே பார்க்கலாம். இரண்டு கிலோ எடைக்கு ஒரு பறவை சுமார் 3.2 கிலோ தின்கிறது. முதல் வாரத் தீவனத்தைக் கழித்தால் மூன்று கிலோ, அதில் மஞ்சள் 15 கிராம். மஞ்சள் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பறவைக்கு 3 ரூபாய். தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால், அந்த 3 ரூபாயை ஈட்ட ஒரு பறவை 75 கிராம் தீவனத்தை மிச்சப்படுத்த வேண்டும். அதாவது 1.60 இருந்த விகிதம் 1.56-க்கு இறங்க வேண்டும், அல்லது சாவு குறைந்து அந்தக் காசு திரும்ப வேண்டும். அன்றைய விலையைப் போட்டு இந்தக் கணக்கை ஒவ்வொரு பேட்சுக்கும் செய்யுங்கள். மஞ்சள் விலை ஏறும் ஆண்டில் அளவைப் பாதியாக்குவதா, விட்டுவிடுவதா என்று அது சொல்லிவிடும்.

நான் முதல் தடவை பிரித்துப் பார்த்தபோது மஞ்சள் தின்ற பக்கம் தெளிவாக முந்தியது. சந்தோஷத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஷெட்டில் நின்றபோதுதான் உறைத்தது. மஞ்சள் பக்கம் கிழக்குக் கோடி. கடற்காற்று முதலில் அங்கேதான் நுழைகிறது. மேற்குக் கோடிச் சுவரில் வெயில் அறைந்துகொண்டிருந்தது, அங்கிருந்த பறவைகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. அடுத்த பேட்சில் பக்கத்தை மாற்றி, மேற்குக்கு மஞ்சள் போட்டேன். வித்தியாசம் பாதிக்குமேல் குறைந்தது, ஆனால் கொஞ்சம் நின்றது. அந்தக் கொஞ்சம்தான் மஞ்சளுடையது. நீங்களும் இரண்டு பேட்ச், பக்கம் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பூண்டுக்கோ கீழாநெல்லிக்கோ போங்கள். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு தென்னங்கீற்றுத் தட்டியும் கட்டிவிடுங்கள்.